நாலு பர்சன்ட் உயிர்

ராயபுரம் அரிசி குடோனில் உச்சிமாகாளி குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம்... மூச்சு மட்டும் மெல்ல வந்துகொண்டிருந்தது.

பெருக்க வந்த கன்னியம்மாதான் முதலில் பார்த்தாள். ஆம்புலன்ஸ் போன பிறகு, மூட்டைகளின் இடுக்கில் கிடந்த அவருடைய செல்போனைத் துழாவி எடுத்து, இன்ஸ்பெக்டர் ராஜாத்தியிடம் கொடுத்தாள்.

"ஏணி வழுக்கிருக்கும் மேடம்," என்றார் சங்கரநாராயணன். உச்சிமாகாளியின் மச்சான், தொழில் பங்காளி. "நான் காலைல இருந்து மணலி புதுநகர்லல்லா இருந்தேன்."

"ஏணி செவுத்துல சாஞ்சிகினு கம்முனு கீதே சார். போன் இன்னா சொல்லுதுனு கேப்போம்."

சங்கரநாராயணன் கூப்பிடாமலே ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அடுத்த தெருவில் ஷைனியின் செல்போன் ரிப்பேர் கடை. போன் செத்திருந்தது. ஷைனி சார்ஜரைச் சொருகினாள். திரை விழித்ததும், உச்சிமாகாளியின் மனைவி சொன்ன பேட்டர்னை ராஜாத்தி வரைந்தாள்.

"நாலு பர்சன்ட்தான் இருக்கு," என்றாள் ஷைனி. "பேட்டரியும் பழசு. புது அப்டேட் வேற இறங்கி நிக்குது."

"அதைப் போட்டிருங்க. போன் வேகமா ஓடும்," என்று சங்கரநாராயணன் முந்திக்கொண்டார்.

ஷைனி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த சார்ஜுல யாராவது அப்டேட் போடுவாங்களா? பாதிக்கு மேல ஏறணும். உள்ள இருக்கிறதை முதல்ல காப்பி எடுக்கணும். பொறவு, முடியிற வரைக்கும் சார்ஜர்லயே கிடக்கணும்."

"நடுவுல ஆஃப் ஆயிட்டுன்னா?"

சங்கரநாராயணனின் கேள்வியில் அவ்வளவு ஆர்வம்...

"சில போன் எந்திரிக்கவே செய்யாது."

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. ராஜாத்தி வாசலுக்குப் போனாள். காப்பி எடுக்கும் கேபிளைத் தேடி ஷைனி உள்ளே போனாள்.

அவள் திரும்பி வந்தபோது, போனில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு சார் தொட்டது?"

"கை பட்டுட்டும்மா."

"சரி, இனி ஒயரைத் தொடாதீங்க."

அவர் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார். முழங்கை ஒயரில் இடித்தது.

ஒயர் கழன்றது... திரை கறுத்தது.

"அடடா, போச்சே," என்றார். குரலில் துக்கம் இருந்தது. முகத்தில் இல்லை.

ராஜாத்தி உள்ளே ஓடிவந்தாள். உச்சிமாகாளிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. கையிலிருந்த ஒரே தடயம் இந்த போன்.

"இன்னா சார் பண்ணி வெச்சிகீற?"

ஷைனி மறுபடி ஒயரைச் சொருகினாள்.

பத்து நிமிடம்.

திரையில் வெளிச்சம். முகப்புப் படத்தில் உச்சிமாகாளியின் பேத்தி பொக்கைவாயோடு சிரித்தாள்.

"இந்த மாடல்ல புது அப்டேட் தனி இடத்துல ஏறும்," என்றாள் ஷைனி. "பாதில நின்னா பழசுலயே எந்திரிச்சிரும். உள்ள இருந்தது எதுவும் அழியாது."

சங்கரநாராயணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ரெக்கார்டிங்கைப் போட வேண்டாம் மேடம்... நானே சொல்லிருதேன்."

அதுவரை ரெக்கார்டிங் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ராஜாத்தி காட்டிக்கொள்ளவில்லை.

"சொல்லு."

"ரேஷன் அரிசியைக் கலந்து வித்தேன். அத்தான் கண்டுபிடிச்சிட்டாரு. 'நீ பேசினதெல்லாம் போன்ல பதிவாயிட்டு, போலீஸுக்குப் போறேன்'னாரு. கம்பியால ஒண்ணு போட்டுட்டேன். கம்பி குடோன் தண்ணித்தொட்டில கிடக்கு."

கான்ஸ்டபிள் நிலவன் ஓடினான். அரைமணி நேரத்தில் கம்பியோடு வந்தான்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து ஸ்டேஷனுக்கு போன் வந்துது மேடம். அவரு கண்ணு முழிச்சிட்டாராம்."

ராஜாத்தி நீண்ட மூச்சு விட்டாள்.

ஷைனி போனை முழுக்கத் தேடிவிட்டு நிமிர்ந்தாள்.

"மேடம்... இதுல ரெக்கார்டிங்னு ஒண்ணுமே இல்ல. அவரு சும்மா மிரட்டியிருக்காரு."

சங்கரநாராயணனின் வாய் திறந்தது. மூடவில்லை.

ராஜாத்தி விலங்கை மாட்டினாள்.

"போனுக்கு சார்ஜ் அந்தம்மா போட்டாங்க. உனுக்கு சார்ஜ் ஷீட் நான் போடுறேன். இத்த நடுவுல புடுங்க முடியாது நைனா."