கொத்தமல்லியின் சம்மதம்

அந்தியூர் போலோ சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் முதல் வரிசை குதிரைகளுக்கு. மனிதர்களாகிய நாங்கள் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலிகளில். முதல் பந்தியும் அவற்றுக்குத்தான். ஊறவைத்த கொள்ளு பரிமாறி முடித்த பிறகே எங்களுக்கு இலை போடுவார்கள். செயலாளர் என்ற முறையில் பருவ அறிக்கையை நான் வாசித்தேன். கேட்டவர்களில் கொட்டாவி விடாதவை குதிரைகள் மட்டுமே.

அறிக்கை ஒன்றும் மோசமில்லை. ஆடியதில் பாதிக்கு மேல் ஜெயித்திருந்தோம். ஒரு போட்டியில் எதிரணிக் குதிரைக்கு நடுவிலேயே சலிப்பு வந்து ஓரமாகப் போய் நின்றுவிட்டது. விதிப்படி வெற்றி எங்களுக்கு. பவானி அணியிடம் மட்டும் இரண்டு முறையும் அடி வாங்கினோம். அடுத்த பருவத்துக்கு ஏரிக்கரை மைதானத்தில் புதுமண் கொட்டுவது, வெயிலை மறைக்க நிழல் ட்ரோன்கள் பறக்கவிடுவது, எல்லாவற்றுக்கும் மேலாக மைசூர்க் கோப்பை. மைசூர் என்றதும் கைதட்டல் எழுந்தது. கொத்தமல்லி மேல் ஏறி நான் மைசூர் போவேன் என்று நினைத்துத்தான் எல்லோரும் தட்டினார்கள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொத்தமல்லி என் பெண்குதிரை. 'என்' என்ற சொல்லைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது. விலங்கு ஒப்புதல் சட்டம் வந்ததிலிருந்து குதிரையை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அதன் நெற்றியில் ஒரு விரல் அகலத்துக்கு உளக்காட்டி ஒட்டியிருக்கும். உள்ளிருக்கும் சென்சார் குதிரையின் மனத்தைப் படித்து நிறம் காட்டும். பச்சை என்றால் சம்மதம். சிவப்பு என்றால் மாட்டேன். நீலம் என்றால் தெரிந்த முகம். அறிக்கை வாசித்து முடித்ததும் ஒவ்வொரு குதிரையும் அடுத்த பருவத்துக்கான தன் ஆளைத் தேர்ந்தெடுக்கும். எந்தக் குதிரையும் தேர்ந்தெடுக்காதவனுக்கு அணியில் இடமில்லை.

இந்தச் சட்டத்தால் எங்கள் குடும்பத்தின் பிழைப்பே போனது. அப்பா குதிரைச் சந்தையில் தரகர். தோள் துண்டை எடுத்துக் கைகளின்மேல் போட்டு, அதற்கடியில் எதிராளியின் விரல்களைப் பிடித்து விலை பேசுவார். எத்தனை விரலோ அத்தனை விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு, இரண்டு பேர் மழையைப் பற்றிப் பேசுவதாகத்தான் தெரியும். சந்தை படுத்ததும் அப்பா ஜவுளிக்குப் போனார். யாரிடமும் பேசி முடித்துவிடலாம் என்ற தைரியத்தில் நான் போலோவுக்கு வந்தேன். குதிரையிடமும் பேசித்தான் வேலை வாங்கினேன். வெல்லக்கட்டியைக் காட்டுவேன். ஒழுங்காகத் திரும்பினால் பாதி, கோல் விழுந்தால் மீதி. கறாரான, நேர்மையான வியாபாரம்.

விருந்தாளியாகப் பவானி அணித் தலைவி அமராவதி வந்திருந்தார். அதிகம் பேசாதவர், கடையில் உட்கார வைத்தால் ஒரே மாதத்தில் கடையை மூடிவிடுவார் என்று நான் கணித்திருந்த ஆள். கூட்டத்தில் நிற்கும் யாரை வேண்டுமானாலும், வேறு சங்கத்து ஆளாக இருந்தாலும், குதிரை தேர்ந்தெடுக்கலாம் என்று மாவட்டக் கூட்டத்தில் வாதாடி எல்லாச் சங்கங்களுக்கும் விதியாக்கியவன் நான்தான். பவானிக் குதிரைகளில் ஒன்றாவது என் வெல்லத்துக்கு மயங்காதா என்ற ஆசை.

கொத்தமல்லியின் முறை வந்தது. நான் சட்டைப்பையில் கையை விட்டபடி நின்றேன். அது என்னைக் கடந்து நேராக நடந்தது. அமராவதியை நெருங்குவதற்கு வெகு முன்பே நெற்றியில் நீலம் எரிந்தது, பிறகு பச்சை. அவர் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அவர் கைகள் இரண்டும் வெறுமையாக இருந்தன.

எல்லோரும் பச்சையைப் பார்த்தார்கள். நான் நீலத்தைப் பார்த்தேன். பச்சை ஒரு நொடியில் வந்துவிடும். ஒரு முகம் நீலமாக வேண்டுமென்றால் மாதக்கணக்கில் பழக வேண்டும். ஆடிய இரண்டு போட்டிகளிலும் அந்த அம்மா முகமூடித் தொப்பியோடுதான் இருந்தார். காலையில் லாயத்தைத் திறப்பவன் ஒருவன்தான்: நாச்சிமுத்து. என் மனைவியின் அண்ணன், எங்கள் அணியின் தடுப்பாட்டக்காரன். எனக்கு விடியற்காலையில் எழுந்து பழக்கமில்லை என்பதால் கொத்தமல்லியைக் குளிப்பாட்டுவதும் அவன்தான். திரும்பிப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவனைக் கூட்டிப் போனேன்.

"எப்ப இருந்து மச்சான்?"

"ஆடியில இருந்துங்க மாப்ள."

மறைக்கவில்லை. வாய்க்காலில் குளிப்பாட்டும்போது ஒருநாள் அமராவதி அந்தப் பக்கம் நடந்து வந்தாராம். குதிரை அவர் பின்னாலேயே போனதாம். அன்றிலிருந்து தினமும் அவர் நடக்க வரும் அந்த வழியாகவே ஓட்டிப் போயிருக்கிறான். காரணம் கேட்டேன். என் வண்டிச் சத்தம் கேட்டாலே கொத்தமல்லியின் நெற்றி சிவந்துவிடும் என்றான். நான் அதைப் பார்த்ததே இல்லை. லாயத்துக்குள் நுழையும் முன்பே வாசல் சுவிட்சில் உளக்காட்டியை அணைத்துவிடுவேன், பேட்டரி மிச்சமாகட்டும் என்று.

"ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாடியும் பச்சை காட்டுச்சே."

"வெளையாடறியான்னு கேட்டோம், பச்சை காட்டுச்சு. உங்களப் பத்தி யாரும் கேக்கலீங்களே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா வெல்லத்தக் கூட்டியிருப்பீங்க."

என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போட்டவன், என் வீட்டுச் சோறு தின்பவன், மைசூரில் நான் ஆட வேண்டும் என்று மருதமலைக்கு நேர்ந்துகொண்டவன். நான் தூங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு காலையிலும் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த ஊருக்கு ஓட்டிப் போய் விட்டிருக்கிறான்.

அவன் தோளில் கிடந்த துண்டை உருவி எங்கள் கைகளின்மேல் போட்டேன்.

"வாயில சொல்ல வேண்டாம். என்ன வெலைக்கு என்னைக் குடுத்தேன்னு விரல்ல சொல்லு."

விலை தெரிந்தால் போதும், எனக்கு மீதியெல்லாம் புரிந்துவிடும். ஆசை, கடன், அவசரம் என்று எந்த விலைக்கும் பின்னால் ஒரு நியாயம் இருக்கும்; அதைப் பிடித்துக்கொண்டு ஆளை மன்னித்துவிடலாம். துண்டுக்கடியில் அவன் விரல்களைத் தேடினேன். கிடைக்கவில்லை. கையை இறுக மூடி வைத்திருந்தான். ஒரு விரலைப் பிரிக்கப் பார்த்தேன், விடவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

ஒன்றுமே வாங்கவில்லை. எங்கள் சந்தையில் கழுதைக்குக்கூட ஒரு விலை உண்டு.

மைசூர் அணியின் பெயர்களை வாசிக்கச் சொல்லிக் கூட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. துண்டை அவன் தோளிலேயே போட்டுவிட்டுப் போய் வாசித்தேன். என் இடத்துக்கு வந்ததும், "காலி" என்றேன். என் குரல் கேட்டு, அமராவதியின் தோளிலிருந்து கொத்தமல்லி தலையைத் தூக்கியது. அது சிவக்கும் என்று காத்திருந்தேன்.

நீலம் எரிந்தது. பிறகு வேறு எந்த நிறமும் வரவில்லை.