அந்தக் கடையின் கொசுறு

தேனி கடைவீதியில் நாற்பது வருடமாகப் பலசரக்கு விற்கும் சண்முகராஜுக்கு, கனடாவில் மகள் ஷெரின் கூட்டிப்போன அந்தக் கடையைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. நம்மூர் வாரச்சந்தையை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் பாதி இடம் மிஞ்சும். ஆனால் "வாங்க" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. ரொட்டியும் கார் டயரும் ஒரே கூரையின் கீழ். மிளகு இருந்தது, மிளகு வாசனை இல்லை.

"இதெல்லாம் ஒரு கடையா, ஆத்தா? பொணம் வைக்கிற கிடங்கு மாதிரியில்ல இருக்கு."

"மெதுவாப் பேசுங்கப்பா."

"ஏன், இங்கன யாருக்குத் தமிழ் தெரியுது?"

ஷெரின் பால் எடுக்கப் போனாள். அவர் வெங்காயப் பையைத் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு, ஆளில்லாத அலமாரிகளிடம் கேலியாகக் கேட்டார்.

"இம்புட்டு வாங்குறோம். கொசுறா ஒரு கொத்து கறிவேப்பிலை கிடையாதா?"

தலைக்கு மேல் விளக்கு ஒன்று ரீங்கரித்து அணைந்தது. அடுத்த வரிசையில் ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. அவர் நடந்தால் அதுவும் நடந்தது.

நின்றால் நின்றது.

எட்டிப் பார்த்தார். யாருமில்லை.

வீட்டில் வெங்காயப் பையைப் பிரித்துக் கொட்டியபோது நடுவில் ஒரு கொத்து கறிவேப்பிலை விழுந்தது. ஈரமாக, பனிக்கட்டி போலச் சில்லென்று.

"அந்தக் கடையில கறிவேப்பிலையே விக்கிறதில்லப்பா," என்றாள் ஷெரின்.

"கேட்டேன், கொடுத்துட்டாக. தொழில் தெரிஞ்ச ஒருத்தன் அங்கனயும் இருக்கான் போல."

அன்று ரசத்தில் அதைப் போட்டுச் சாப்பிட்டார். ஷெரின் தொடவில்லை.

மறுநாள் விடிந்து கண் விழித்தபோது அவர் படுக்கையில் இல்லை.

கடை வாசலில் நின்றிருந்தார்.

இடுப்பில் வேட்டி, வெறுங்கால், கணுக்கால் வரை பனி. கண்ணாடிக் கதவுகள் தாமாக விலகின. உள்ளேயிருந்து சாக்கும் பெருங்காயமும் கலந்த வாசனை வந்தது. தேனியில் அவருடைய கடையின் வாசனை.

"வாங்க அண்ணாச்சி."

மெல்லிய குரல். அவருடைய குரலேதான்.

அப்போதுதான் உறைத்தது. கொசுறை யாரும் சும்மா கொடுப்பதில்லை. வாங்கியவன் இன்னொரு கடைப்படி ஏறமாட்டான். எத்தனை பேரை அவரே அப்படிக் கட்டிப்போட்டிருக்கிறார்! இருந்தும் வலது கால் தானாக முன்னே நகர்ந்தது.

தேடி வந்த ஷெரின்தான் கையைப் பிடித்து இழுத்துக் காரில் தள்ளினாள்.

"உள்ள போயிருந்தேன்னா திரும்பியிருக்க மாட்டேன்த்தா," என்றார் நடுங்கிக்கொண்டே. "என்னைய ஊருக்கு அனுப்பிவிட்டுரு."

அந்த வாரமே விமானம் ஏற்றிவிட்டாள்.

தேனி வெயில் பட்டதும் வாய் பழையபடி திறந்துகொண்டது. "மாட்டுக் கொட்டகைக்கு ஏசி போட்டு, அதைக் கடைங்கிறான்," என்று வருகிறவர்களிடமெல்லாம் கேலி பேசினார். ஆனால் கொசுறு கொடுப்பதை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டார். கறிவேப்பிலைக் கூடையே கடையில் இல்லை.

வீரபாண்டியிலிருந்து வரும் தங்கப்பாண்டி, பழைய வாடிக்கை. உளுந்து வாங்கியவர் சற்று நின்று பார்த்தார். "என்ன அண்ணாச்சி, கனடா போயிட்டு வந்து கை சுருங்கிப்போச்சா?"

சண்முகராஜ் மீதிச் சில்லறையை எண்ணி வைத்தார். தங்கப்பாண்டி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை, கடை திறக்கச் சாவியோடு வந்தபோது, மூடிய ஷட்டருக்கு முன்னால் தங்கப்பாண்டி நின்றிருந்தார். செருப்பில்லை. கணுக்கால் வரை வயற்சேறு.

"எப்பக் கிளம்புனேன், எப்படி நடந்து வந்தேன், ஒண்ணும் தெரியல அண்ணாச்சி," என்றார். "உளுந்துப் பொட்டலத்துல நீங்க வச்ச கறிவேப்பிலைய நேத்து சட்னில போட்டோம். அதென்ன, ஐஸாட்டம் இருந்துச்சு?"

"நான் வைக்கலையே, தங்கப்பாண்டி."

சாவி சண்முகராஜ் கையில்தான் இருந்தது. பூட்டும் தொங்கியது.

ஷட்டருக்குள்ளே சக்கரம் கிறீச்சிட்டது.

"வாங்க தங்கப்பாண்டி," என்றது உள்ளேயிருந்து சண்முகராஜின் குரல்.