காதால் பார்க்காத பக்கம்

"பதினாலு படி," என்றாள் வாலு.

ஞாயிறு மதியம். சாப்பாடு முடிந்து தலையணையில் கன்னம் பதித்து அரைத்தூக்கத்தில் கிடந்த அம்மாவின் காதில் அது விழுந்தது. அடுத்த அறையில் மகள் தனியாகத்தான் இருந்தாள்.

"யாருகிட்டடி பேசுற?"

"மொப்புகிட்டம்மா."

மொப்பு புதுப் படத்தில் வரும் கரடிக்குட்டி. உடம்பெல்லாம் கம்பளி, கண்ணில் தூக்கமே கிடையாது. படத்தோடு சேர்த்து வெளியிட்டிருந்த இணையதளத்தின் கடைசிப் பக்கத்தில் குழந்தைகள் அதற்குப் போர்வை போர்த்தித் தூங்க வைக்க வேண்டும்.

"அதுக்கு எதுக்கு நம்ம வீட்டுப் படிக்கணக்கு?"

"பெரியவங்க கேட்டா பதில் சொல்லணும்னு நீதானே சொல்லுவ."

"மொப்பு பெரியவங்களா?"

"மொப்பு சின்னதும்மா. கேக்குறவர்தான் பெரியவர்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். ஆறு வயதுக்காரி எதையாவது சொல்வாள். வாலு என்று சும்மாவா பெயர் வைத்தோம் என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. திரைச்சீலை வழியே கசிந்த வெயில் தரையில் பழுப்பாகக் கிடந்தது, மாடி மாடியாக எல்லா வீடும் உண்ட மயக்கத்தில் அடங்கியிருந்தது, எங்கோ ஒரு குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது, சூடேறிய கம்பளியை மூடி வைத்தது போன்ற ஒரு வாடை மட்டும் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

மொப்புவின் இணையதளம் குழந்தைகளுக்கு ஏற்றதா என்று பார்த்துச் சொன்னவளே அவள்தான். அதுதான் அவள் வேலை. பச்சை என்றால் கொடுக்கலாம். மஞ்சள் என்றால் பக்கத்தில் உட்கார வேண்டும். சிவப்பு என்றால் கூடாது. அலுவலகத்தில் ஒரு கட்டாய வழக்கம் உண்டு. எந்தத் தளத்தையும் இரண்டு தடவை பார்க்க வேண்டும்: ஒரு தடவை கண்ணால், ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு காதால், முதலிலிருந்து கடைசி வரை. 'கண்ணு ஏமாந்துடும், காது ஏமாறாது' என்பாள் மேலதிகாரி கண்ணாடி அக்கா.

அன்றைக்கு அவளுடைய ஹெட்போன் வேலை செய்யவில்லை. அடுத்த மேசையில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். மணி ஐந்தாகிவிட்டிருந்தது. சத்தமில்லாமல் நாலு நிமிடம் பார்த்தாள். போர்வை, நிலா, கொட்டாவி. 'இரண்டு முறை பார்த்தேன்' என்று எழுதிப் பச்சை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் லிஃப்டில் எதிர்வீட்டுக்காரி கேட்டாள்: "நீங்க பார்த்ததுதானே? அப்ப கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்." இவளும் தலையாட்டினாள். கட்டடம் முழுக்க மொப்பு வந்துவிட்டது.

கைபேசி அதிர்ந்தது. கண்ணாடி அக்கா.

"லீவு நாள்ல தொந்தரவுதான். அந்த மொப்பு தளம், காதால பாத்தீங்கல்ல? ஒரு தாய் எழுதியிருக்காங்க. பையன் தனியா உக்காந்து யாருக்கோ பதில் சொல்றானாம்."

'இல்லக்கா' என்ற ஒரு சொல் போதும்.

"பாத்தேன்க்கா. வெறும் தாலாட்டு."

"அப்ப சரி. நீங்க சொன்னா கல்வெட்டு மாதிரி. அவங்களுக்கு அப்படியே எழுதிடறேன்."

அடுத்த அறையிலிருந்து வாலுவின் குரல் வந்தது. "மேல்தாழ்ப்பாள் எட்டாது. ஸ்டூல் போட்டா எட்டும்."

அம்மா ஓடினாள். மகளின் மஞ்சள் ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். திரையில் மொப்பு கண்ணை மூடிக் கிடந்தது. தாலாட்டுதான். பொய்யில்லை, தாலாட்டுதான். கண்ணை மூடினாள், முறைப்படி. அப்போதுதான் பாட்டுக்கு அடியில் மூச்சு கேட்டது. வயதான, நிதானமான, படியேறி வந்து நின்று இளைப்பாறுகிறவரின் மூச்சு. அப்புறம் குரல். அதட்டல் இல்லை. அன்பாகத்தான் கேட்டது.

"அம்மா தூங்கிட்டாங்களா, கண்ணு?"

மகளின் டேப்லெட்டை அணைத்தாள். திரை கறுத்தது. ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினாள். இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அக்காவைக் கூப்பிட வேண்டும். உண்மையைச் சொல்ல வேண்டும். பச்சையை எடுக்கச் சொல்ல வேண்டும். கைபேசியில் அக்காவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

கூடத்தில் ஸ்டூல் இழுபடும் சத்தம்.

வாசற்கதவின் முன்னால் வாலு ஸ்டூலின் மேல் நின்றிருந்தாள். காதில் எதுவும் இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கவனமாக, நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பளி வாடை. கதவுக்கு வெளியே படியில் ஒரு காலடி. நிதானமாக. பதினொன்று. பன்னிரண்டு.

"வாலு, இறங்குடி. என் தங்கம். இறங்கு."

மகள் திரும்பவில்லை. கதவைப் பார்த்தே பேசினாள்.

"அம்மா முழிச்சிட்டாங்க."

மறுபடியும் கதவுப் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"இல்ல, திட்ட மாட்டாங்க. அவங்கதானே சரின்னு சொன்னாங்க."

பதிமூன்று.

எதிர்வீட்டில் ஸ்டூல் இழுபட்டது. மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் இழுபட்டது. பிறகு தூங்கும் கட்டடம் முழுக்க, ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்னக் கை, தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விலக்கத் தொடங்கியது.