கெர்ஸ்தி திறந்த பக்கம்

"லீஸ் இனிமே எங்கிட்டதான் இருப்பா! மாத்திரை முழுங்குற பைத்தியத்துகிட்ட பச்சப்புள்ளைய விட்டுட்டு நான் எப்படித் தூங்குறது?"

மகள் லீஸுக்குக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த மாரிகாவின் கை நின்றுவிட்டது. மாமியார் ஹெல்வேயா இப்படிப் பேசுகிறாள்! படுக்கையில் கிடந்த மாமனாரை மூன்று வருஷம் தூக்கித் துடைத்தவள் மாரிகா. அவரை அடக்கம் செய்தபின் மனம் ஒடிந்துபோய் டாக்டரிடம் போனாள். அந்த மாத்திரையைப் பற்றிக் கணவனுக்குக்கூடத் தெரியாது.

"யாரு சொன்னாங்க அத்தை?"

"நீயே எங்கயாவது உளறியிருப்ப," என்றான் கணவன் ரைவோ.

அவன் தங்கை கெர்ஸ்தி கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி, "ஒரு நர்ஸா சொல்றேன் அண்ணி, குழந்தை எங்கம்மாகிட்டயே இருக்கட்டும்," என்றாள். அக்கறையாம்!

மாரிகா அடையாள அட்டையைக் கணினியில் செருகித் தன் மருத்துவப் பக்கத்தைத் திறந்தாள். எந்த ஆஸ்பத்திரியிலிருந்து யார் அதைப் பார்த்தாலும் பெயரும் தேதியும் அங்கேயே பதிந்துவிடும். எஸ்தோனியாவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நர்ஸுக்குத் தெரியாதா? அண்ணிதானே, எங்கே பார்க்கப்போகிறாள் என்ற இளக்காரம்!

"கெர்ஸ்தி... மூணு தடவை! உன் ஆஸ்பத்திரிப் பக்கமே நான் வந்ததில்லையே, எதுக்குப் பாத்த?"

"அண்ணி... குடும்பத்துக்குள்ளதானே..."

"உங்கப்பாவுக்குப் பீத்துணி மாத்துனப்ப இந்தக் குடும்பம் எங்க போச்சு? அன்னைக்கு எட்டிப் பாக்காதவ, என் நோவை மட்டும் எட்டிப் பாப்பியா?"

"புகார் கிகார்னு போயிடாத மாரிகா... அவ வேலை போயிடும்!" ரைவோ கெஞ்சினான்.

"எம்புள்ள போகலாமா?"

ஹெல்வே மெல்லத் தன் அட்டையை எடுத்து நீட்டினாள். "என்னுதையும் பாரு." ரகசிய எண்ணை அவளே அழுத்தினாள். பெயர்ப் பட்டியலை மட்டும் மாரிகா படித்தாள். அதிலும் கெர்ஸ்தி! போன மாதம் ஒன்பதாம் தேதி.

"நான் டெஸ்டுக்குப் போன மறுநாள்..." ஹெல்வே மகள் பக்கம் திரும்பினாள். "எல்லாம் தெரிஞ்சும் 'எப்படிம்மா இருக்க'ன்னு ஒரு வார்த்தை கேக்கலையேடி, பாவி!"

மாரிகா புகாரை எழுதத் தொடங்கினாள்.

"எம்பேரையும் சேத்து எழுதும்மா," என்றாள் ஹெல்வே. "உன்னைப் போய்ப் பைத்தியம்னுட்டேனே... எனக்கு என்னன்னு நீயும் கேக்கலையே?"

"அது உங்க விஷயம் அத்தை. நீங்களா சொன்னா கேட்டுக்கிறேன்."

ஹெல்வே மருமகளின் தோளில் முகம் புதைத்துக் கதறினாள்.

"மார்ல கட்டிம்மா... ரொம்பப் பயமா இருக்கு!"