கேட்டுவிட்டுத் தொடும் கை

"என்னங்க, மொகம் தொடச்சு விடட்டா?"

கேட்டுவிட்டு, ஈரத் துண்டைக் கையில் பிடித்தபடி பவுனு காத்திருந்தாள். கட்டிலில் கிடந்த ராஜபாண்டி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். அது சம்மதமா, சும்மா இமைத்ததா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. பவுனு அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் துண்டு அவர் முகத்தில் பட்டது.

தோட்டத்துத் திராட்சைக்கு மருந்து வாங்கக் கம்பத்துக்குப் போனவர், திரும்பி வரும் வழியில் பைக் சறுக்கித் தலையில் அடிபட்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். பேச்சும் நினைவும் திரும்பவில்லை. பிள்ளை இல்லாத வீடு. முதலில் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து போன சுருளிப்பட்டி ஊர்ச் சொந்தமெல்லாம் மெல்ல மெல்ல நின்றுபோனது. வந்தவர்களும் அவளிடம்தான் பேசினார்கள், அவரிடம் யாரும் பேசவில்லை. இப்போது அந்த வீட்டில் பொழுதெல்லாம் கேட்பது அவள் குரல் ஒன்றுதான்.

அன்று காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ராஜபாண்டியின் தங்கை பஞ்சம்மாள் உத்தமபாளையத்திலிருந்து வந்திருந்தாள். கூடவே பத்திரம் எழுதுகிறவர். அவர் கையில் மை டப்பா இருந்தது.

"மதினி, எம் மக ஓவியாவுக்கு முகூர்த்தம் குறிச்சாச்சு. கீழ்த்தோட்டத்த அவளுக்குத் தாரேன்னு அண்ணே சபையில சொன்னாகல்ல? மாப்பிள்ள வீட்டுல அத நம்பித்தான் பேசி முடிச்சிருக்காக. அண்ணே ரேகைய மட்டும் வச்சிட்டாப் போதும், மத்தத இவரு பாத்துக்கிருவாரு."

சொன்னது பொய்யில்லை. ஓவியாவின் சடங்கில் தாய்மாமனாக உட்கார்ந்து, "கீழ்த்தோட்டம் என் மருமகளுக்கு" என்று ராஜபாண்டி சொன்னபோது பவுனு பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

பஞ்சம்மாள் அண்ணனின் கையைத் தூக்கிக் கட்டை விரலை மையில் ஒற்றினாள். பவுனு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் பஞ்சு. அவுக தெரிஞ்சு வைக்காத ரேகைய நாம வைக்கக் கூடாது."

"எங்கூடப் பொறந்தவுக கையத் தொட ஒங்களக் கேக்கணுமோ?"

"என்னையக் கேக்க வேணாம். அவுகளக் கேளு."

"கேட்டா பதில் வருமா? வெளையாடுறீகளா மதினி?"

பவுனு ஈரத் துண்டால் அந்த விரலைத் துடைத்தாள். அதைப் பார்த்ததும் பஞ்சம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே வாயும்.

"இப்பத்தான் புரியுது. எங்கண்ணே இப்பிடிக் கெடக்குறது ஒனக்கு வசதியாப் போச்சு. புள்ளையில்லாதவளுக்கு எதுக்கு இம்புட்டு மண்ணு? எல்லாத்தையும் நீயே கட்டிக்கிட்டு அழு..."

ஊற்றி வைத்த காபியைத் தொடாமல் போய்விட்டாள். ஆறிப்போன காபியை பவுனுவே குடித்தாள். சுட்ட சொல்லுக்கு அழ அவளுக்கு நேரமில்லை, அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரமாகியிருந்தது.

பேங்கிலும் அவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது என்றார்கள். மருந்துக்கும் தோட்டக் கூலிக்கும் வழி தெரியாமல், தேனியில் இலவச சட்ட உதவி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனாள். அங்கே சுபாஸ்ரீ என்ற வக்கீல் பொறுமையாக விளக்கினாள்.

"நினைவில்லாத ஆளுக்காகப் பொண்டாட்டியே ஆனாலும் தானாக் கையெழுத்துப் போட முடியாதும்மா. மதுரை ஐகோர்ட்டுல மனு போட்டு ஒங்கள கார்டியனா நியமிக்கச் சொல்லிக் கேக்கணும். அவரோட தங்கச்சிக்கும் நோட்டீஸ் போகும்."

நோட்டீஸ் போனதுதான் தாமதம், ஊரே திரும்பிக்கொண்டது. புருஷனைப் பைத்தியம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டாளாம்! குழாயடியில் அவள் குடத்தோடு வந்தால் பேச்சு நின்றது. நாத்தனாருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. உத்தமபாளையத்துக்கே போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே டிவி சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். அன்றைக்கு அவரிடம்கூட அவளால் பேச முடியவில்லை.

விசாரணை நாளில் மதுரைக் கோர்ட்டு வராந்தாவில் சுபாஸ்ரீ கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"கீழ்த்தோட்டத்த ஓவியாவுக்குக் குடுக்க அனுமதி வேணும்னு கேக்காதீங்கம்மா. கார்டியன் சொத்தக் காப்பாத்தணும். குடுக்கணும்னு கேட்டா ஒங்க மேலயே சந்தேகம் வரும். மனுவே தள்ளுபடியாகிப் போகலாம்."

"போனாப் போகட்டும்மா. நீங்க கேளுங்க."

ஆட்சேபம் சொல்ல வந்திருந்த பஞ்சம்மாள் பின்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அறிக்கையைப் படித்து முடித்த நீதிபதி பவுனுவை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு இருக்கிற ஆதாரமே இந்தத் தோட்டம்தான். அதில் பாதியைக் கொடுக்க ஏன் அனுமதி கேட்கிறீங்க?"

"அவுக குடுத்த வாக்குங்கய்யா. எனக்கு மனசு இருக்கான்னு கேட்டா, இல்ல. அது போனா பிற்காலத்துல என் பாடு கஷ்டந்தான். ஆனா அவுகளுக்குப் பேச்சு வந்தா, ஓவியாவுக்குக் குடுத்தாச்சான்னுதான் மொதல்ல கேப்பாக. அவுக எடத்துல என்னைய நிக்கச் சொல்றீக. நின்னா, அவுக நெனச்சதத்தான செய்யணும்?"

"அப்படியிருக்க, தங்கை கைரேகை வைக்க வந்தப்ப தடுத்தீங்கன்னு அவங்க ஆட்சேபத்தில் இருக்கே, ஏன்?"

"அவுக அறியாம வச்சா, அது அவுக குடுத்ததாகாதுங்கய்யா. நாங்க எடுத்ததாயிரும்."

பின்வரிசையில் பஞ்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆட்சேபம் உண்டா என்று நீதிபதி கேட்டபோது எழுந்து நின்றாள். "இல்லைங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சில நாளில் தீர்ப்பு வந்தது. பவுனுதான் கார்டியன். நினைவில்லாதவரின் நிலத்தைத் தானம் கொடுக்க அனுமதிக்க முடியாது. தோட்ட வருமானத்திலிருந்து தாய்மாமன் சீர் செய்துகொள்ளலாம். அன்றைக்கே பஞ்சம்மாள் சுருளிப்பட்டிக்கு வந்து வாசலில் நின்றாள்.

"நெலம் வேணாம் மதினி. மாப்பிள்ள வீட்டுல நானே பேசிட்டேன்... குடுக்கத்தான் கேக்கப் போறீகன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

"நீ கதவத் தெறக்கலயே ஆத்தா."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பஞ்சம்மாள் அவள் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பவுனு அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பட்டதெல்லாம் ஒரு அழுகையில் கழுவிப் போய்விடுமா என்ன? ஆனாலும் காபி போட உள்ளே போனாள்.

கல்யாண மண்டபத்தில் ராஜபாண்டியைச் சக்கர நாற்காலியில் வைத்து மணமேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். பட்டுப் புடவையும் தேங்காய் பழமும் வைத்த சீர்த்தட்டு அவர் மடிக்கு வந்தது. மாமன் கை பட்டுத்தான் தட்டு பெண்ணுக்குப் போக வேண்டும். பஞ்சம்மாள் அவசரப்பட்டாள்.

"அவுகளுக்காக இனி நீங்க சொன்னாலே போதும்னு கோர்ட்டே சொல்லிருச்சுல்ல மதினி. கையப் புடிச்சு வைங்க, நேரமாகுது."

பவுனு அவர் முன்னால் குனிந்தாள். "என்னங்க, ஓவியாவுக்குச் சீர் குடுக்கட்டா?"

கேட்டுவிட்டு, எப்போதும்போல் காத்திருந்தாள். சபை முணுமுணுத்தது. புரோகிதர் தொண்டையைச் செருமினார். அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் அவள் தன் வீட்டில் நிற்பதுபோலத் தனியாக நின்றாள்.

பஞ்சம்மாள் மேளக்காரர்களை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். பிறகு தன் பட்டுப் புடவை தரையில் புரள அண்ணனின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே... நான் பஞ்சு. நம்ம ஓவியாவுக்குக் குடுக்கட்டாண்ணே?"

பைக் சறுக்கிய நாளிலிருந்து இன்னொரு குரல் அவரிடம் ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. ராஜபாண்டி கண்ணை மூடித் திறந்தார். அவர் கையை எடுத்துத் தட்டில் வைத்தபோதுதான் பவுனு அழுதாள்.