தோள்பட்டைக் கட்டிகள்

செவ்வாய்க் குடியிருப்பில் தினமும் காலை ஏழு மணிக்கு, அறுவை இயந்திரம் வெட்டியெடுத்த கட்டிகள் சூடு ஆறுமுன் குழாய் வழியாகத் திசு வங்கிக்கு வந்து விழும். வங்கி ஊழியை வடிவு ஒவ்வொன்றையும் துண்டாக்கிப் புட்டியிலிட்டு, பத்து நிமிடத்துக்குள் உறைகலத்தில் இறக்கிவிட்டுச் சாப்பிட உட்காருவாள். பதினோரு வருடத்தில் அந்தச் சதையைப் பார்த்து அவள் முகம் சுளித்ததில்லை. அவளுக்குக் குமட்டியதெல்லாம் புட்டியில் ஒட்டும் சீட்டுதான்.

எந்த உறுப்பு என்று குடும்பத் தலைவர் சொல்வதைத்தான் சீட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். எழுதியது அப்படியே பொதுப்பலகையில் ஓடும். சம்பந்தம் பேசுகிறவர்கள் முதலில் மேய்வது அதைத்தான். மார்பகம் என்று வாயால் சொன்னாலே மானம் போய்விடும் என்று எண்ணூறு வீட்டுக்காரர்களும் தோள்பட்டை என்று போடச் சொன்னார்கள். ராக்கெட் ஏறி வந்தும் இதை விடவில்லையே என்று வடிவு மனசுக்குள் காறித் துப்பினாள். துப்பிவிட்டு, சொன்னபடியே தட்டினாள்.

அந்தத் திசுக்களின் மரபணுக்களைப் படித்துவந்த ஆய்வன் என்னும் செயற்கை மூளை ஒரு நாள் முடிவை வெளியிட்டது. செவ்வாயில் மார்பகப் புற்று அறவே இல்லை. ஆனால் இங்குள்ள பெண்களின் தோள்பட்டையில் பால் நாளங்கள் முளைத்திருக்கின்றன. பூமியிலிருந்து பாராட்டு வந்தது. கூடவே ஆய்வன் நுண்மருந்து ஒன்றும் செய்திருந்தது. ரத்தத்தில் விட்டால் அதன் துகள்கள் சீட்டில் எழுதிய இடமான தோள்பட்டைக்குப் போய்க் கட்டியைத் தின்னும். வேறெங்கும் வாய் வைக்காது.

முதல் ஊசி தையல்நாயகிக்கு. முப்பத்தெட்டு வயது, வெட்டியெடுத்த கட்டி திரும்ப வந்திருந்தது. வடிவு அவள் வீட்டுக்கே ஓடினாள். சீட்டைத் திருத்தினால் மருந்து சரியான இடத்துக்குப் போகும், பிழைத்துக்கொள்வாய் என்று கெஞ்சினாள். கணவன் குமரகுரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வர்ற மாசம் பொண்ணுக்கு நிச்சயம்க்கா," என்றாள் தையல்நாயகி. "பலகையில அந்த வார்த்தை ஓடினா அவங்க எழுந்து போயிடுவாங்க. தோளுக்கே போட்டுருங்க."

தோளுக்கே போட்டார்கள். தோள்பட்டையில் கட்டியின் சுவடே இல்லை, பூரண குணம் என்றது ஆய்வன். நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. நான்காம் மாதம் தையல்நாயகி செத்துப்போனாள்.

மறுநாள் குமரகுரு வங்கிக்கு வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"சாவுக்குக் காரணம் மாரடைப்புன்னு போட்டுருங்க மேடம். கல்யாணம் இன்னும் முடியல."

வடிவுக்கு அருவருத்தது. அவனைப் பார்த்தா, சொன்னதைத் தட்டிக்கொண்டிருந்த தன் கையைப் பார்த்தா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆய்வன் உடனே திரையில் எழுதியது: 'தையல்நாயகி, புற்றுநோய் குணமானவர். மரணம் வேறு காரணத்தால். மருந்தின் வெற்றி நூற்றுக்கு நூறு. நாளை முதல் எல்லாப் பெண்களுக்கும் இதுவே.'

குமரகுரு அதை இரண்டு முறை படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டார் கண்ணில் படும்படி அந்த வரியைப் பலகையில் மேலே ஓடவிட முடியுமா என்று கேட்டான்.

வடிவு ஓடவிட்டாள்.