உயிருள்ளவர்களுக்கு மட்டும்

நான்காவது நாளாக நாகப்பட்டினத்தில் வெயில் தலைகாட்டவில்லை. வெயிலைக் குவித்து உடலை எரிக்கும் கதிர்ச்சிதையின் நூற்றுப்பத்து கண்ணாடிகளும் கார்த்திகை மழையில் குளித்துக்கொண்டு சும்மா நின்றன. உள்ளே இளஞ்செழியனின் மனைவி நித்யகலா எரிய வழியில்லாமல் கிடந்தாள்.

விறகும் எரிவாயுவும் தடைசெய்யப்பட்டு இருபது வருடமாகிறது. புதைக்கலாமென்றால் இரண்டடியில் கடல்நீர் ஊறுகிறது. மழைநாளில் சிதையின் கம்பிச்சுருளைச் சூடேற்ற ஊர்ச் சேமக்கலத்தில் மின்சாரம் இருக்கத்தான் செய்தது. ஆனால் தொட முடியாது. சேமித்த மின்சாரம் உயிருள்ளவர்களுக்கு மட்டும் என்பது விதி. குளிர்ப்பெட்டிக்கும் அதே விதிதான். அது முதல் நாளே அணைந்துவிட்டது.

விதியை எழுதியவர் வேறு யாருமல்ல, மின்பகிர்வுப் பொறியாளராக இருந்த இளஞ்செழியனேதான். ஒரு மழைக்காலத்தில் சேமிப்பு தீர்ந்து, ஆஸ்பத்திரியில் மூச்சுக்கருவிகள் நின்று பதினேழு பேர் செத்த பிறகு, மனசு கேட்காமல் உட்கார்ந்து எழுதினார். நித்யகலா காபியை நீட்டியபடி, "அப்போ மழையில செத்தவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"அவங்களுக்கு என்னடி அவசரம்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பன்னீரும் மல்லிகையும் இனி எதையும் மறைக்காது. இன்றைக்குள் முடிக்காவிட்டால் அவள் முகத்தை அவரே பார்க்க முடியாமல் போய்விடும்.

"அண்ணே," என்று அடுத்த வீட்டு ஜமீலா குடையை மடக்கியபடி வந்தாள். "தெருவுல எல்லாரும் பேசிட்டோம். வீட்டுக்கு மூணு யூனிட் மின்கொடையா அனுப்புறோம். ரெண்டு நாள் விளக்கில்லாம இருந்தா ஒண்ணும் கெட்டுப்போயிட மாட்டோம். அண்ணி எங்களுக்குச் செய்யாததா?"

சிதைகாப்பாளர் சுபாஷினி திரையை அவர் பக்கம் திருப்பினாள். அறுபது வீட்டு மின்சாரமும் வந்து காத்திருந்தது. சேமக்கலம் விதிப்படி ஒன்றே ஒன்று கேட்டது.

பெறுபவர் உயிருடன் இருக்கிறாரா?

"இல்லைன்னு போட்டா எல்லாம் திரும்பிப் போயிடும் சார்," என்றாள் சுபாஷினி, அவர் முகத்தைப் பார்க்காமல். "நீங்க வச்ச கேள்விதான்."

நான்கு நாளாக யாராவது இதைக் கேட்கமாட்டார்களா, ஆமாம் என்று சொல்லிவிட மாட்டோமா என்றுதான் அவர் ஏங்கிக்கொண்டிருந்தார். 'ஆம்' என்பதைத் தொட்டார்.

நன்றி. நித்யகலா நீடூழி வாழ்க, என்றது திரை. அந்த வாழ்த்தும் அவர் எழுதியதுதான்.

தீப்பொத்தான் பச்சையாக ஒளிர்ந்தது.

"அமுக்குங்க சார். நீங்கதான் வைக்கணும்."

அவர் திரையில் இருந்த அந்த 'ஆம்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கை பொத்தான் பக்கம் போகவில்லை.

"இரும்மா," என்றார். "அவளுக்கு என்ன அவசரம்?"